கூடையைக் கவிழ்த்த பாட்டு

குருசுத்துறையில் மீன் ஏலம் கூறுகிற ஜெனோவாவுக்கு வாய்த்தது லேசுப்பட்ட தொண்டை இல்லை. கரையில் நின்று அவள் ஒரு சத்தம் கொடுத்தால், தார் ரோட்டில் பஸ் படியில் ஒரு கால் வைத்த வியாபாரி அந்தக் காலை இறக்கிவிட்டுத் திரும்பி வருவான். கோயில் மணியும் அவளும் சேர்ந்தாற்போல் சத்தம் போட்டால் சனங்கள் அவளைக் கேட்டுத்தான் பூசைக்கு எழுந்திரிக்கிறார்கள் என்று பங்குச்சாமியே பிரசங்கத்தில் குறைபட்டிருக்கிறார். மணலும் உப்பும் சரிசமமாகக் கலந்த அந்தக் கரகரத்த தொண்டையை வைத்துத்தான் அவள் வீட்டில் உலை வைத்தாள், வியாபாரிகளின் கொட்டத்தை அடக்கினாள், வலை பின்னுகிற புருஷன் ரெமிஜியூஸைக் கல்யாணமான நாள் முதல் ஒரு முழு வாக்கியம் பேசவிடாமல் பார்த்துக்கொண்டாள். அந்த மனுஷனும் கடல்காற்றுக்கு எதிரே நின்று யார் பேசுவார் என்று வலையும் ஊசியுமாக இருந்துவிட்டார்.

அந்தக் கரைக்கு ஒரு வழக்கம் உண்டு. வியாபாரிகள் தங்களுக்குள் கூடிப் பேசிக்கொண்டு மீனுக்குக் கேவலமான விலை கேட்டால், ஏலம் கூறுகிறவள் சண்டை போட மாட்டாள், கெஞ்சவும் மாட்டாள். காலிக் கூடை ஒன்றை எடுத்து அந்த மீன்மேல் குப்புறக் கவிழ்த்துவிடுவாள். கவிழ்ந்தால் கவிழ்ந்ததுதான். அதற்கப்புறம் எந்தக் கொம்பன் வந்து எத்தனை மடங்கு கேட்டாலும் அந்த மீனுக்கு விலை சொல்லக் கூடாது. அதைக் கரையிலேயே ஒரே பானையில் ஆக்கி, பிடித்தவன், பிடிக்காதவன், கடல்பக்கமே போகாதவன் எல்லாரும் பங்கு போட்டுத் தின்ன வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஜெனோவா கூடையைக் கவிழ்க்காமல் இருந்ததில்லை. "வயிறு காஞ்சா நாளைக்கு நெறையும், மானம் காஞ்சா நெறையுமா?" என்பாள்.

பெரிய கோயில் திருவிழாவுக்கு இளைஞர் மன்றத்துப் பையன்கள் ஒரு பாட்டுப் போட்டி வைத்தார்கள். பள்ளிக்கூடப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த பிரிஸ்கா, ஜெனோவாவின் ஒரே மகள், மேடையேறி ஒரு மாதா பாட்டை எடுத்தாள். ஜெனோவா முன்வரிசையில், தான் விரித்து வைத்த பாயில் வந்து உட்கார்ந்துவிட்ட பக்கத்து வீட்டுக்காரியை வைதுகொண்டிருந்தாள். "ஏட்டி, இது என்ன ஒங்கப்பன் வீட்டுப்..." என்று ஆரம்பித்தவளுக்குப் பாதியில் சத்தம் நின்றுபோனது. வாய் அசைகிறது, நாக்கு புரளுகிறது, தொண்டையை மட்டும் காணோம். மேடையைப் பார்த்தாள். மகளின் இனிப்பான குரலுக்கு அடியில் தன்னுடைய கரகரத்த சத்தம் நின்று தாங்கிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்தது, தொண்டை திரும்பி வந்தது, "பாயாட்டி, எந்திரி!" என்று ஜெனோவா விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து வைது முடித்தாள்.

மாவட்டப் போட்டியில் பிரிஸ்கா பாடியபோது அவர்கள் தெருவில் எல்லாருக்கும் தொண்டை போனது. சென்னையில் டிவிக்காரர்கள் ஞாயிறுதோறும் சாயங்காலம் நேரலையாக நடத்துகிற பெரிய போட்டிக்குத் தேர்வாகி அவள் முதல் பாட்டைப் பாடியபோது ஊர் முழுக்க எல்லாருக்கும் போனது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். பிரிஸ்கா ஒரே பல்லவியில் மூடினாள்.

யாரும் பதறவில்லை. வேறு ஊராக இருந்தால் மாந்திரீகனைத் தேடிப் போயிருப்பார்கள், ஆஸ்பத்திரிக்கு வேன் பிடித்திருப்பார்கள். மீனைப் பங்கு போட்டே வளர்ந்த சனங்களுக்குத் தொண்டையைப் பங்கு போடுவது ஒரு காரியமாகவே தெரியவில்லை. ஊர்த்தலைவர் தொம்மை கூட்டம் போட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு தோணியும் கடலில் நிற்கக் கூடாது, தோணிக்குத் தோணி கூப்பிடத் தொண்டை இல்லாதவன் கரை சேர மாட்டான். செபமாலையை வெயில் தாழும் முன்னே முடித்துவிட வேண்டும். புருஷன் பெண்டாட்டி சண்டையை மத்தியானத்துக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டும், தீரவில்லையென்றால் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைக்க வேண்டும் என்று முடிவாகி, அந்த முடிவை எல்லாரும் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டார்கள். சத்தம் இல்லாத அந்தக் கொஞ்ச நேரத்துக்கென்று பிள்ளைகள் கைச்சாடை பழகின, கடைக்காரர் சாடையிலேயே சீனி நிறுத்தார், ஒரு கல்யாணப் பேச்சுகூடச் சாடையிலேயே நடந்து, வாய் திறக்காததாலேயே நல்லபடியாக முடிந்தது.

கரையில் திரை கட்டி, ஊரே மணலில் உட்கார்ந்து, தன் தொண்டை போய் மகளின் தொண்டையில் சேர்வதை வாயடைத்துப் பார்க்கும். சத்தம் திரும்பியதுதான் தாமதம், கரை அல்லோலகல்லோலப்படும்.

"அந்த எறக்கத்துல இழுத்துக்கிட்டு வந்தது நாந்தான், கேட்டியளா?" என்பார் உபதேசியார் கபிரியேல். கோயிலில் செபம் சொல்லிச் சொல்லி இழுத்துப் பழகிய தொண்டை அவருடையது.

"எறக்கம் ஆருக்குவே வேணும்? உச்சியில ஏறி நின்னு கூப்பிட்டது ஆரு?" என்பார் தொம்மை.

"ரெண்டு பேரும் சோலியப் பாருங்க. அடியில நின்னு தாங்குனது நானு" என்பாள் ஜெனோவா. அதற்கு மேல் பேச்சு வளராது.

சில வாரங்களிலேயே பிரிஸ்கா பேர் எடுத்துவிட்டாள். பஸ்ஸில் அவள் பாட்டு, டீக்கடையில் அவள் பாட்டு, ஆட்டோவின் முதுகில் அவள் படம். முகம் தெரியாத ஊர்களில் அவளுக்காகச் சண்டை போட்டுக்கொண்டார்கள். இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு ஒரு ஊரே நின்று பாடுகிறமாதிரி ஒரு குரல் எப்படி வந்தது என்று எழுதினார்கள். குருசுத்துறைக்காரர்கள் அதைப் படித்துவிட்டுக் கமுக்கமாகச் சிரித்துக்கொண்டார்கள்.

அந்த டிவிக்காரர்களிடம் ஒரு குரல் வாத்தியார் இருந்தார். கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது. கோபப்பட மாட்டார், பிள்ளைகளுக்குத் தேன் கலந்த வெந்நீர் கொடுப்பார், கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார். அவர் ஒருநாள், "உன் குரல்ல அடியில ஒரு கரகரப்பு இருக்கும்மா, சந்தையில யாரோ கத்துற மாதிரி. அதை மட்டும் எடுத்துட்டா நீ எங்கயோ போயிடுவ" என்றார். பெரியவர் சொன்னால் காரணம் இருக்கும் என்று அந்தப் பிள்ளையும் வாரம் முழுக்க உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்குவதுபோல் அந்தக் கரகரப்பைப் பொறுக்கி எறிந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பாடினாள். நடுவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். "போன வாரம் இருந்த அந்தச் சந்தைச் சத்தம் சுத்தமாப் போயிடுச்சு. சபாஷ்!" என்றார் மூத்த நடுவர். பாட்டு முடிந்தது, கரையில் எல்லாருக்கும் தொண்டை திரும்பி வந்தது, ஜெனோவாவுக்கு வரவில்லை.

அன்றைக்கு வராது போனால் நாளைக்கு வரும் என்று இருந்தார்கள். மிளகுக் கஷாயம் வைத்தார்கள், மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்தார்கள். மறு வாரம், வரி முடிகிற இடத்தில் வருகிற இழுவையை எடுக்கச் சொன்னார்கள், எடுத்தாள். உபதேசியார் கபிரியேல் ஊமையானார். அதற்கடுத்த வாரம், உச்சியில் யாரையோ கூப்பிடுகிறமாதிரி இருந்த சத்தத்தை எடுக்கச் சொன்னார்கள். தொம்மைக்குத் தொண்டை போனது, அவர் கடலில் துண்டை வீசி வீசித்தான் மற்றத் தோணிகளைக் கூப்பிட வேண்டியிருந்தது. அப்போதுதான் ஊருக்கு விளங்கியது. இரவல் போனது திரும்பி வரும், கழுவி எறிந்தது வராது.

"பிள்ளையக் கூட்டிட்டு வந்துருவோம்" என்று கூட்டத்தில் தொண்டை மிச்சம் இருந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். ஜெனோவா நடுவில் போய் நின்று மணலைக் காலால் உதைத்து, இரண்டு கையையும் விரித்து மறித்தாள். அவள் சாடை விளங்காதவர் அங்கே யாரும் இல்லை. என் மகள் ஜெயிக்கட்டும், கவிச்சி இல்லாத இடத்தில் நாற்காலி போட்டு உட்காரட்டும், வெயிலில் நின்று தொண்டை கிழியக் கத்துகிற பிழைப்பு என்னோடு போகட்டும், அதற்கு என் தொண்டையைக் கேட்டால் எடுத்துக்கொண்டு போகட்டும் என்றாள். அந்தப் பிடிவாதத்துக்கு முன்னால் யாரும் நிற்கவில்லை. பிரிஸ்கா காதில் இது விழவே கூடாது என்று ஊர் முழுக்க ஒத்துக்கொண்டது.

ஞாயிறு தவறாமல் பிரிஸ்கா போன் போடுவாள்.

"அம்ம எங்கப்பா?"

"குளிக்கா" என்பார் ரெமிஜியூஸ்.

மறு வாரம், "கோயிலுக்குப் போயிருக்கா" என்றார்.

"எம்மயா? இந்நேரத்துல கோயிலுக்கா?"

"மனசு மாறிட்டுட்டி அவளுக்கு" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து காதைப் போனில் ஒட்டிவைத்திருந்த ஜெனோவா அவர் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

ஏலத்தையும் ரெமிஜியூஸ்தான் கூற வேண்டி வந்தது. பாவம், காலடியில் கிடக்கிற பூனைக்கே கேட்காது அவர் சத்தம். வியாபாரிகள் வாய்க்கு வந்ததைக் கேட்டார்கள், சீலா மீன் சாளை விலைக்குப் போனது. ஜெனோவா பின்னால் நின்று பல்லைக் கடித்துப் பார்த்துவிட்டு, பொறுக்க முடியாத ஒரு நாள் கூடையை எடுத்துக் கவிழ்த்தாள். அதற்கு மட்டும் தொண்டை தேவைப்படவில்லை. வீட்டுக்கு வந்தால் அழுகை வரும், ஆனால் ஊருக்கே கேட்க அழுது பழகியவளுக்குச் சத்தம் இல்லாத அழுகை அழுத மாதிரியே இருக்காது. பாதியில் எரிச்சல் வந்து எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவாள்.

இறுதிப் போட்டிக்கு அப்பா அம்மாவைக் கூட்டிவர டிவிக்காரர்கள் காரே அனுப்பினார்கள். ஜெனோவா கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். அங்கே ஒரு பெண் வந்து அதை அவிழ்க்கச் சொல்லி, சாயம் போன ஒரு சேலையைக் கொடுத்தாள். வேண்டுமென்றே கிழித்திருந்தார்கள், கிழிசல் புதுசாக இருந்தது. தலையில் சுமக்க ஓலைக்கூடை ஒன்றும் கொடுத்தார்கள். ஜெனோவா உள்ளே எட்டிப் பார்த்தாள். பிளாஸ்டிக் மீன். ஒன்றை எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ரெமிஜியூஸைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவர், "பொறுத்துக்க, பிள்ளைக்காவத்தான்" என்று பதில் சொன்னார். மகளுக்காக அவள் அந்தச் சேலையையும் கட்டினாள்.

மேடையில் விளக்கைக் குறைத்து, சோகமாக வயலின் வாசிக்கவிட்டு, தொகுப்பாளினி கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினாள். "பிறவியிலேயே வாய் பேச முடியாத ஒரு ஏழைத் தாய். மகளோட பாட்டுதான் அவங்க குரல்!" ஜெனோவா கூடையோடு நடந்து வந்தாள். கூட்டம் அழுதது. அவள் அழுவாள் என்று கேமரா முகத்துக்குக் கிட்டேயே வந்து காத்துக்கொண்டிருந்தது. ஜெனோவா கேமராவை, வட்டி கேட்டு வந்தவனைப் பார்க்கிறமாதிரி பார்த்தாள், ஒரு சொட்டு விடவில்லை.

பிரிஸ்கா மட்டும் அப்படியே நின்றுவிட்டாள். "ஆரு ஊமை? எம்மயா?" என்றாள். ஓடிவந்து ஜெனோவாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எம்மா, பேசும்மா. ஒரு வசவு வைய்யேம்மா!" ஜெனோவா வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை, மகள் முகம் வெளிறிப்போனதைப் பார்த்ததும் அதை ஒரு கையால் தடவிக்கொடுத்தாள். பின்னாலேயே மேடைக்கு வந்து நின்ற அப்பனைப் பிரிஸ்கா திரும்பிப் பார்த்தாள்.

ரெமிஜியூஸ் அன்றைக்குத்தான் தன் ஆயுசிலேயே பெரிய வாக்கியத்தைச் சொன்னார். "ஒன் தொண்டையில இருந்து இவிய எதையெல்லாம் கழுவிக் கீழ ஊத்தச் சொன்னாவளோ, அதெல்லாம் நம்ம ஆளுவளோடது மக்கா, அடியில கிடந்தது ஒங்கம்ம."

அரங்கத்தில் இது யாருக்கும் விளங்கவில்லை. மூத்த நடுவர் மைக்கைப் பிடித்து அன்பாகச் சிரித்தார். "உணர்ச்சிவசப்படாதம்மா. பட்டம் உன் கைக்கு எட்டுற தூரத்துல இருக்கு. உன் குரல்ல கடற்கரை வாசம் இன்னும் ஒரு துளிதான் மிச்சம். அந்த ஒரு துளியும் இல்லாம இந்தக் கடைசிப் பாட்டைப் பாடிக் காட்டு, பட்டம் உனக்கு. இந்த வாயில்லாத அம்மாவுக்காகவாவது பாடு."

ஏலக்கரையிலேயே பிறந்து ஏலக்கரையிலேயே தலை நரைத்தவளுக்கு, ஒரு விலை காதில் விழுந்தால் அது நியாய விலையா கேவல விலையா என்று தெரியாதா? தன் தொண்டை ஒன்றைக் கேட்டபோது கொடுத்தாள், சரி. இப்போது இவர் கேட்பது மிச்சம் இருக்கிற ஊரை. ஊரைக் கொடுத்து ஒரு பட்டம், அதிலும் என்னைக் காட்டியே என் மகளிடம் விலை பேசுகிறான் என்று நினைத்ததும் இத்தனை வாரம் அடக்கி வைத்த ஆங்காரம் எல்லாம் ஜெனோவாவுக்கு உச்சந்தலைக்கு ஏறியது. தலையில் இருந்த கூடையை இறக்கினாள். பிளாஸ்டிக் மீன்களை ஒரே வீச்சில் நடுவர்களின் மேஜைமேல் கொட்டினாள். காலிக் கூடையை மகளின் காலடியில், அத்தனை கேமராவும் பார்க்க, குப்புறக் கவிழ்த்தாள்.

கரையில் திரைக்கு முன் உட்கார்ந்திருந்த குருசுத்துறை மொத்தமும் எழுந்து நின்றது.

பிரிஸ்கா கூடையைப் பார்த்தாள், அம்மையைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்தாள். வாத்தியக்காரர்கள் தொடங்கிய மெல்லிசைப் பாட்டைக் கையால் நிறுத்திவிட்டு, இடுப்பில் கை வைத்து, பிறந்ததிலிருந்து விடியலில் கேட்டு எழுந்திரித்த ஊளி மீன் ஏலத்தை எடுத்தாள்.

"ஊளி வருது ஊளி, கண்ணு செவக்காத ஊளி,
கடலு இன்னும் சொட்டுது ஊளி,
கேக்கத் தெரிஞ்சவன் கேளு,
கேவலமாக் கேட்டவன் ஓடு!"

கழுவி எறிந்த சத்தம் எல்லாம் எங்கேயும் போய்விடவில்லை. அந்த அரங்கத்தின் ஏசிக் குழாய்க்குள்ளும் கம்பளத்துக்கு அடியிலும்தான் இத்தனை வாரமும் அடைந்து கிடந்தது. கூடை கவிழ்ந்த சேதி தெரிந்ததும் உபதேசியாரின் இழுவை குழாயிலிருந்து இறங்கியது, தொம்மையின் கூப்பாடு விளக்குகளுக்கு மேலிருந்து குதித்தது, எல்லாவற்றுக்கும் அடியில் மணலும் உப்புமாக ஜெனோவாவின் கரகரப்பு நாற்காலிகளை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது. டிவிக்காரர்கள் பதறிப்போய் மைக்கை அணைத்தார்கள், நிற்கவில்லை. நேரலையை வெட்டி விளம்பரம் போட்டார்கள். தமிழ்நாடு முழுக்க வீடுகளில் சோப்பு விளம்பரத்துப் பெண் நுரையோடு வாயைத் திறந்து, "கேவலமாக் கேட்டவன் ஓடு!" என்றாள். அடுத்து வந்த சிமெண்ட் விளம்பரத்துப் பெரியவர் ஊளி விலை கேட்டார். பற்பசைக்காரர்கள் குடும்பத்தோடு தோணி இழுத்தார்கள். சனங்கள் சோற்றுத்தட்டை வைத்துவிட்டு, இதுவரைக்கும் எந்த விளம்பரத்துக்கும் தட்டாத கையைத் தட்டினார்கள்.

குருசுத்துறையில் அன்றைக்கு ஒருவருக்கும் சத்தம் போகவில்லை. முதல் தடவையாக மகள் பாடும்போதே ஊரும் சேர்ந்து பாடியது. கவிழ்த்த மீன் எல்லாருக்கும் பங்கு அல்லவா.

பாட்டு முடிந்ததும் நடுவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மூத்தவர் மேஜைமேல் கிடந்த மீனைத் தள்ளிவிட்டு, தொண்டையைச் செருமி, "வருத்தமா இருக்கு. எல்லாக் குறையும் திரும்பி வந்துடுச்சு. இந்தப் பாட்டுக்கு என்னால குடுக்க முடிஞ்ச மார்க்..." என்று ஆரம்பித்தார்.

"எவம்வே அது மார்க்குப் போடுதது?"

அரங்கத்துக் கண்ணாடி அதிர்ந்தது. தொகுப்பாளினி கையிலிருந்த அட்டைகளைக் கீழே போட்டாள். ஜெனோவா தன் சத்தத்தைத் தன் காதால் கேட்டு ஒரு நொடி நின்றாள். பிறகு வாரக்கணக்கில் சேர்த்து வைத்ததை எல்லாம் ஒரே மூச்சில் எடுத்தாள். "கூடை கவுந்தாச்சு. இனி இந்தப் பிள்ளைக்கு ஒருத்தனும் வெல சொல்லக் கூடாது, கேட்டியளா? பிறவி ஊமையாம்லா! என் தொண்டையத் திருடி வச்சிக்கிட்டு எனக்கே ஊமைன்னு பேரு! எங்கட்டி என் பட்டுச்சேல? அத எடுத்துட்டு வா மொதல்ல!"

பிரிஸ்கா தரையில் உட்கார்ந்து, அம்மையின் காலைக் கட்டிக்கொண்டு, சிரித்தும் அழுதும் அந்த வசவு முழுவதையும் ஒரு சொல் விடாமல் கேட்டாள்.

பட்டத்தை வேறொரு பையனுக்குக் கொடுத்தார்கள். அவன் பேர் இப்போது யாருக்கும் ஞாபகம் இல்லை, அதில் அவன் தப்பு ஒன்றும் இல்லை. பிரிஸ்காவை ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். போட்டி என்று கூப்பிட்டாலும் போவாள், கச்சேரி என்று கூப்பிட்டாலும் போவாள். போகிற இடத்துக்கெல்லாம் ஒரு ஓலைக்கூடையைக் கொண்டுபோய் மேடை விளிம்பில் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். நடுவர்கள் இருந்தால் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்பார்கள். கேட்கிறவர்களுக்குத் தங்கள் தொண்டையும் அதில் எங்கேயோ சேர்ந்திருப்பதுபோல் தோன்றும், பாட்டு முடிந்து வெளியே போகும்போது அதுவரைக்கும் சத்தம் போட்டுப் பேசியிராதவர்கள்கூடச் சத்தமாகப் பேசிக்கொண்டு போவார்கள்.

மறு வருஷப் போட்டி தொடங்குமுன் குரல் வாத்தியார் தேன் பாட்டிலோடு குருசுத்துறைக்கே வந்தார். ஏலம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. பிரிஸ்கா அம்மைக்குப் பக்கத்தில் பாவாடையைச் செருகிக்கொண்டு மீனைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் நடந்து வந்து, "அம்மா, இந்தத் தடவை பட்டம் பிரிஸ்காவுக்குத்தான்னு மேல பேசிட்டாங்க. அந்தக் கரகரப்பை மட்டும் கொஞ்சம், ரொம்ப இல்ல, ஒரு இழை..." என்று இழுத்தார்.

வியாபாரிகள் ஏலத்தை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார்கள். ரெமிஜியூஸ் வலையிலிருந்து தலையைத் தூக்கினார். ஜெனோவா ஒரு ஊளியை வாலைப் பிடித்துத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே காட்டினாள்.

"மீனு வேணுமா ஐயா? இந்தா, நியாயமாக் கேளும், தாரேன். மத்தது கூடைக்குக் கீழ இருக்கு."